சனிக்கிழமைக் கதவு

ஈஸ்ட் ஹாமில் புறப்பட்ட ரயிலில் எனக்கு எதிரே இரண்டு யாழ்ப்பாணத்தவர் அமர்ந்திருந்தனர். மூத்தவர் பேசத் தொடங்கியபின் என் புத்தகத்தில் ஒரு வரியும் நகரவில்லை.

“யூதரின்ர கோயில்ல உனக்கு இனிக் காவல் வேலை வேண்டாம், தம்பி. வேற நாட்டில அவையின்ர கோயிலுக்குக் குண்டு வைச்சிட்டாங்கள். உன்ர மனுசி அழுகிறா.”

“நேற்று நடந்ததைக் கேளுங்கோ, அண்ணை. அந்தக் குண்டுக்குப் பிறகு எங்கட வாசலுக்குக் கரண்ட் பூட்டுப் போட்டவை. நம்பர் அமத்தினால்தான் திறக்கும்.”

“நல்லதுதானே?”

“சனிக்கிழமை அவையின்ர சமயத்தில ஓய்வுநாள். அண்டைக்குக் கரண்ட் சாமானில கை வைக்கக் கூடாது. பூட்டு வாங்கினவையே அதை மறந்துபோச்சினம்!”

“உன்னைத் திறக்கச் சொல்லலாமே?”

“சொல்லவும் கூடாதாம்! பயத்தில ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு நினைச்சன். பார்த்தால், தெரு முழுக்கச் சனம் மழையில நிக்குது. ஒரு கிழவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ‘இண்டைக்கு நல்ல குளிர்’ எண்டார்.”

“நீ என்ன சொன்னாய்?”

“‘ஓம் ஐயா, நல்ல குளிர்’ எண்டன். பிறகு ஒரு அம்மாவும் குளிர் எண்டா. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்துக் குளிர், குளிர் எண்டவை. அப்பத்தான் விளங்கிச்சுது. திறந்துவிட்டன். ஒரே சிரிப்பு, அண்ணை! இருக்க இடமில்லாமல் நிண்டுகொண்டு பாடினவை.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த மூத்தவர், தாம் வந்த காரியம் நினைவுக்கு வந்தவராய் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“அதெல்லாம் சரி. வேலையை விடுறியோ, இல்லையோ?”

இளையவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“வாற சனியும் நல்ல குளிராம், அண்ணை.”