பஜ்ஜியா, ராட்டினமா?

திருப்பதியிலிருந்து நகரிக்குப் போகும் பஸ் வடமாலபேட்டையைத் தாண்டியதும் முன் சீட்டுக்காரர் சொன்னார்: "என் பஜ்ஜியைத் துன்றதுக்குத் தலைகீழாத் தொங்கறதே மேலுன்றாங்க மச்சான்."

ஏதோ தீம் பார்க் ஓட்டலில் சமையல் மாஸ்டராம். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

"அப்படி இன்னா பஜ்ஜி மாமா?"

"புதுசாவும் இருக்கணும், குடும்பத்தோட துன்ற மாதிரியும் இருக்கணும்னாரு ஓனரு. எங்க ராமகுப்பத்துல பட்டுப்புழுவுக்குப் போடுவோமே மல்பெரி இலை, அதுல பஜ்ஜி போட்டேன். போர்டுலயும் பெருமையா எழுதி வச்சேன், பட்டுப்புழு துன்ற இலைன்னு."

"அடப்பாவி! யாரு வாங்குவாங்க?"

"ராட்டினத்துல தலைகீழா சுத்திட்டு சிரிச்சிக்கினு வர்ற பசங்க கூட, போர்டைப் பாத்ததும் அம்மா பின்னால ஒளிஞ்சிக்கினாங்க. எல்லா டேபிளுக்கும் தயிர்சாதம்தான். 'இதி ஃபேமிலி பார்க், மாஸ்டர்'னு ஓனரு தெலுங்குல கத்தி தலையில அடிச்சிக்கினாரு."

"அப்ப பஜ்ஜியை நிறுத்திட்டியா?"

"இப்பதான் சூப்பரா போவுது. ராட்டினத்துக்குப் பக்கத்துலயே அடுப்பைப் போட வச்சிட்டாரு. ஏற பயப்படறவங்க ஒரு பஜ்ஜி துன்னணும், அதான் தண்டனை. குடும்பமே சுத்தி நின்னு கைதட்டுது."

மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உனக்குத்தான் ராட்டினத்தைப் பாத்தாலே மயக்கம் வருமே. உன்னை மட்டும் விட்டுட்டாங்களா?"

"எங்க விட்டாங்க? பஜ்ஜியா, ராட்டினமான்னு எல்லார் முன்னாலயும் கேட்டாங்க."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு ரவுண்டு சுத்திட்டு வந்தேன்."