காலையில் மட்டும் காட்டப்படும் வீடு

இல்ல இல்ல, நீங்க தப்பான கதவெல்லாம் தட்டல. விக்கறதாச் சொன்ன வீடு இதேதான். புரோக்கர் இன்னும் வரலன்னா என்ன, வீடு எங்கயும் ஓடிப்போயிடாது. உள்ள வாங்க. கொஞ்சம் இருங்க, தாழ்ப்பாளப் போட்டுடறேன். பயப்படாதீங்க, இங்க கூடத்து ஜன்னலத் தொறந்து வச்சா கதவு படார் படார்னு அடிச்சிக்கும், அதான்.

நானா? நான் யாருன்னு புரோக்கர் சொல்லலையா உங்ககிட்ட? என்ன சொன்னாரு?

குடியிருக்கறவங்க இருக்காங்க, அடுத்த மாசம் காலி பண்ணிடுவாங்கன்னா?

இல்லம்மா, ஒன்னுமில்ல. சரி, அப்பிடியே வச்சிக்கோங்க. குடியிருக்கறவதான். உக்காருங்க, அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்களே, கெட்டிக்காரிதான். யாரும் காட்டறதுக்கு முன்னாடி வீட்ட நாமளே பாத்துடணும். பொண்ணு பாக்க வர்றாங்கன்னா முகத்தக் கழுவிப் பவுடர் போட்டு உக்கார வைக்கற மாதிரிதான் வீடும். நான் துணி ஃபேக்டரியில செக்கிங்ல இருக்கேன். சட்டை வரும், ரெண்டு பக்கமும் திருப்பிப் பாக்கணும், நூல் பிரிஞ்சிருந்தா ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாத் தூக்கிப் போடணும். நாள் பூரா அதே வேலை. அதனால எங்க போனாலும் எனக்குக் கோணல்தான் மொதல்ல தெரியும். சொந்தக்காரங்க கல்யாணத்துக்குக் கூட என்னக் கூப்பிட பயப்படுவாங்க.

நீன்னே பேசட்டுமா? என் கடைசித் தங்கச்சி வயசுதான் இருக்கும் உனக்கு.

பெயின்ட் வாசனை அடிக்குதா? அடிக்கும். புதுசு. பெயின்டப் பாத்துச் சந்தோஷப்படாத. வீடு முழுக்க அடிச்சிருக்கா, ஒரு சுவத்துக்கு மட்டும் அடிச்சிருக்கான்னு பாரு. அதோ, படுக்கையறை மூலை, அங்க மழை பேஞ்சா ஓதம் ஏறும். நம்பலன்னா கைய வச்சிப் பாரு. ஜில்லுன்னு இருக்குதா? கலர் நல்லா இருக்கா? அது நான் சொன்ன கலர்தான். எனக்காகத்தான் அடிக்கறாங்கன்னு நெனச்சி, கடைக்கு நானும் கூடப் போய் நின்னு, இதவிட ஒரு பொட்டு வெளிர்ப்பாக் காட்டுங்கன்னு கேட்டுட்டு வந்தேன். விடு.

தெருவப் பத்தி என்ன சொன்னாரு? எல்லா ஊர்க்காரங்களும் இருக்காங்க, கலகலன்னு இருக்கும்னா? ஆமா, உன்கிட்ட அப்பிடிச் சொல்லியிருப்பாரு. வேற யாராவது வந்தா, இப்பதாங்க இந்தப் பக்கம் நம்ம மாதிரி ஆளுங்க வர ஆரம்பிச்சிருக்காங்கன்னு காதுல சொல்லுவாரு. வாய் ஒன்னுதான், சரக்குதான் வேற வேற.

ஆனா பொய்யில்ல. மேல ஒரு பஸ் டிரைவர் குடும்பம், அவங்க ஒரு பாஷை. எதுத்தாப்ல ரெண்டு நர்ஸ் பொண்ணுங்க, அவங்க வேற. தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் பேசற பாஷைய நான் இதுவரைக்கும் எங்கயும் கேட்டதில்ல. படிக்கட்டுல எல்லாருக்கும் பொதுவா இருக்கறது தலையாட்டல் ஒன்னுதான். கீழ்வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க, வயசானவங்க இல்ல, என் வயசுதான். நிறைய பூனை. பூனைக்காரம்மான்னுதான் நான் சொல்றது. அவங்க என்னை என்னன்னு சொல்றாங்களோ. இத்தன வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு வார்த்த கூடப் புரிஞ்சதில்ல. ஆனா இந்தக் கட்டடத்துல நான் நம்பற ஒரே ஆளு இப்ப அவங்கதான். ஏன்னு சொல்றேன், இரு.

அதுக்கு முன்னாடி ஒன்னு கேக்கறேன். உனக்கு வீட்ட எப்பக் காட்டறேன்னாங்க? காலைல, அதுவும் இந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்ளதானே? சாயங்காலம் வரட்டுமான்னு கேட்டியா? கேட்டியா! என்ன சொன்னாங்க, வெளிச்சம் நல்லா இருக்கும்னா?

அதுவும் பொய்யில்ல. மத்தியானத்துக்கு மேல எதுத்த கட்டடம் மறைச்சிடும், இந்தக் கூடம் கெணறு மாதிரி ஆயிடும். சாயங்காலம் மேல்வீட்டுப் பசங்க ஓடற ஓட்டத்துல உன் டம்ளர் தண்ணி ஆடும். ரொட்டிக்கடை அடுப்புப் பத்த வச்சா சமையக்கட்டு ஜன்னலத் தொறக்க முடியாது. இதெல்லாம் காரணம்தான். ஆனா இதெல்லாம் இல்ல காரணம்.

காலைல அந்த நேரத்துல நான் ஃபேக்டரில இருப்பேன். அதான்.

ஆமாம்மா, எனக்குத் தெரியாமத்தான் காட்டியிருக்காங்க. நீ முழிக்கற மாதிரிதான் நானும் முழிச்சேன். மொதல்ல ஒன்னும் புரியல. சாயங்காலம் வந்து பாத்தா திரைச்சீலை நான் இழுத்துவிட்ட மாதிரி இருக்காது. கொடியில போட்ட என் துணியெல்லாம் பீரோவுக்குள்ள சுருட்டி அடைச்சிருக்கும். கட்டில்ல ரெண்டு தலகாணி பக்கத்துப் பக்கத்துல கெடக்கும், வந்து பாத்தா ஒன்னுதான் நடுவுல இருக்கும். டம்ளர்ல ரெண்டு பல் பிரஷ் வச்சிருப்போம். ஒருநாள் என்னோடது மட்டும் தலைகீழா நிக்குது, முடி கீழ, காம்பு மேல. எவனாவது திருடன் பிரஷ்ஷத் திருப்பி வைக்க வருவானா? நீயே சொல்லு.

சிரி சிரி. நானும் சிரிச்சேன் அன்னைக்கு.

என் புருஷன்கிட்டச் சொன்னேன். யாரோ வீட்டுக்குள்ள வர்றாங்க, எனக்கு பயமா இருக்குன்னேன். அவரு மெதுவா, இங்க எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்தவங்க, யாரு எப்பிடின்னு நமக்கென்ன தெரியும், கீழ்வீட்டுப் பொம்பளை எந்நேரமும் படிக்கட்டுலயே நிக்குதேன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, மிச்சத்த நானே சேத்துக்கிட்டேன். அந்தம்மா வேற, அந்த வாரம் பூரா என்னப் பாத்தாலே ஓடி வந்து கையப் புடிக்கறதும், நம்ம கதவக் காட்டறதும், ரெண்டு வெரல நடக்க விடறதும். பயந்துட்டேன். கைய உதறிட்டு மேல வந்துட்டேன். புதுப் பூட்டுப் போட்டோம். சாவி ரெண்டே ரெண்டு. என்கிட்ட ஒன்னு, அவர்கிட்ட ஒன்னு.

அதுக்கப்பறமும் பிரஷ் தலைகீழாத்தான் நின்னுச்சு.

ஓனர்கிட்ட ஒரு சாவி இருந்திருக்கும்னு சொல்றியா? நல்லா யோசிக்கற. இருந்திருக்கும்.

போன வாரம் பூனைக்காரம்மா படிக்கட்டுலயே என்ன நிறுத்திடுச்சு. இந்தத் தடவ பேசவே இல்ல, நடிச்சிக் காமிச்சிது. சாவி திருப்பற மாதிரி. கதவத் தொறந்து கைய நீட்டி, வாங்க வாங்கங்கற மாதிரி. அப்பறம் ஒரு பொம்பளை மாதிரி இடுப்புல கைய வச்சிக்கிட்டு மேலயும் கீழயும் பாத்துது. அப்பறம் டேப்ப இழுத்து ஜன்னல அளக்கற மாதிரி. அப்பிடியே தத்ரூபமா. அளந்துட்டு, தலைய ஆட்டி, பிடிக்கலங்கற மாதிரி உதட்டப் பிதுக்கிச்சு பாரு. எத்தன பேருன்னு ஜாடைல கேட்டேன். ரெண்டு கையையும் விரிச்சிது, மடக்கிச்சு, மறுபடி விரிச்சிது.

கடைசியா, கதவத் தொறந்தவரு எப்பிடி நடப்பாருன்னு நடந்து காமிச்சிது. ஒரு தோள கொஞ்சம் எறக்கிக்கிட்டு. எனக்கு அதுக்கு மேல பாஷை தேவைப்படல.

நீ ஓனர நேர்ல பாத்திருக்கியா? போன்ல மட்டுமா? எப்பிடிப் பேசினாரு? மரியாதையா, மெதுவா, நடுநடுவுல உங்களுக்குச் சவுகரியம் எப்பிடியோன்னு? ம். அப்பிடித்தான் பேசுவாரு. வேற என்ன சொன்னாரு, வெளியூர்ல செட்டில் ஆகறாராமா? தனியாவா, குடும்பத்தோடவான்னு கேட்டியா? கேக்கல. சரி, அத நீ ஏன் கேக்கப் போற. அது கேக்க வேண்டியவங்க கேக்கணும்.

இன்னைக்கு முன்பணம் குடுக்கறதாப் பேச்சா? பைய இறுக்கிப் புடிச்சிருக்கறப்பவே நெனச்சேன். மடியிலயே வச்சிக்கோ. நான் எடுக்க மாட்டேன், ஆனா நீயும் எடுக்காத. நான் சொல்றவரைக்கும் எடுக்காத.

வீடு யார் பேருல வாங்கறீங்க?

உன் அவரு பேருலயா. லோனுக்குச் சுளுவுன்னு சொன்னாரா. நீயும் சம்பாதிக்கறதானே? உன் சம்பளம்? வீட்டுச் செலவுக்கு. ம்.

தப்பா நெனச்சிக்காத, உன் அவரு தங்கமா இருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா. அவளும் இப்பிடித்தான். ரெண்டு சம்பளம் வந்துச்சு. அவரோடது கடனுக்கு, அவளோடது வயித்துக்குன்னு பிரிச்சிக்கிட்டாங்க. கணக்கு நேர்தான், யாரும் யாரையும் ஏமாத்தல. வருஷக்கணக்கா அவரு வீட்டுக் கடன் கட்டிக்கிட்டே இருந்தாரு, இவ அடுப்பு மூட்டிக்கிட்டே இருந்தா. கடன் முடிஞ்சப்ப வீடு அவரு பேருல நின்னுச்சு. இவ போட்டது? தின்னு கழுவியாச்சு. தின்னதுக்கு யாரும் பத்திரம் எழுதித் தர மாட்டாங்கல்ல. சண்ட போட்டு வாங்கிக்கோன்னு சொல்லல, வாயத் தொறந்து ஒரு தடவ கேட்டுடு. அவ கேக்கல. கேட்டா சந்தேகப்படறான்னு நெனச்சிடுவாரோன்னு கூச்சப்பட்டா. ஊர்ல இருக்கற சட்டையெல்லாம் திருப்பிப் பாத்தவ, சொந்தச் சட்டைய மட்டும் திருப்பிப் பாக்கல.

சுவத்துல அந்த ஆணியவே பாக்கற. பாரு பாரு. ஆணிக்குக் கீழ சுவரு மட்டும் சதுரமாப் பழைய கலர்ல இருக்குல்ல? மாட்டியிருந்தத எடுக்காமயே சுத்தி அடிச்சிட்டான் பெயின்டர். சோம்பேறி. நான் செக்கிங்ல இருந்தா ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

லீவா? ஆமா, போட்டிருக்கேன். ஆனா வீட்டுல சொல்லல. காலைல வழக்கம் போல சாப்பாட்டு டப்பாவத் தூக்கிக்கிட்டு எறங்கினேன். பூனைக்காரம்மா கதவத் தொறந்து வச்சிக்கிட்டு நின்னுச்சு. உள்ள உக்காந்திருந்தேன், மடியில ஒரு பூனை, காலடியில ரெண்டு. கொஞ்ச நேரத்துல அவரு எறங்கிப் போனாரு, புரோக்கரக் கூட்டிக்கிட்டு வர. நான் மேல வந்தேன். கதவத் தொறந்தா வீடு அப்பிடியே ஜோடிச்சி வச்சிருக்கு. என் துணி இல்ல, என் சீப்பு இல்ல, தலகாணி ஒன்னுதான். நான் செத்துப்போனா வீடு எப்பிடி இருக்கும்னு உசுரோட பாத்துட்டேன். நல்லா சுத்தமா இருக்கு.

ஷ்ஷ். படியில சத்தம் கேக்குதா? ரெண்டு பேரு. இப்ப பாரு, அந்தத் திருப்பத்துல நின்னு இருமுவாரு.

கேட்டுதா? அவருதான். கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து கேக்கற இருமல், எனக்குத் தெரியாதா.

எழுந்துக்காத, உக்காரு. உன் மேல என்ன தப்பு. ஆணியில இருந்ததா? கட்டிலுக்கு அடியில இருக்கு, பழைய துண்டுல சுத்தி. ஒடையாமப் பத்திரமாத்தான் வச்சிருக்காரு. மாலையும் கழுத்துமா நானும் அவரும். அதுலயும் ஒரு தோள எறக்கிக்கிட்டுத்தான் நிப்பாரு.

சாவி போடறாரு பாத்தியா. திருப்பறாரு. திரும்பும். மறுபடியும் திருப்புவாரு. தாழ்ப்பாள் உள்ள போட்டிருக்குங்கறது அவருக்கு எப்பிடித் தெரியும், பாவம்.

நீயே கதவுகிட்டப் போய் நில்லு, தொறக்காத. என்ன ஆச்சுன்னு வெளிய நின்னு கேப்பாரு. குடியிருக்கறவங்க காலி பண்ண மாட்டேங்கறாங்கன்னு சொல்லு.