அடுத்த எண்

டெல்மர் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அடுப்பை மாற்றச் சொல்லி அவன் மனைவி லோர்னா பல வருடமாக நச்சரிக்கிறாள். கெட்டிலைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் சொல்கிறேன். அதைக் காப்பிக்காக வைக்கவில்லை.

நானும் டெல்மரும் இருபத்தெட்டு வருட நண்பர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்: தோட்டா வருவதற்கு முந்தைய காலத்து ரிவால்வர்கள். உருளையின் ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்பக்கம் அடித்தால் பொறி தருகிற ஒரு சின்னச் செப்புக் கேப்பைச் செருகிச் சுடுகிற வகை. அதிலும் உடம்பெல்லாம் கொடி கொடியாகச் செதுக்கியவைதான் எங்களுக்கு வேண்டும். அவன் டிராக்டர் மெக்கானிக். நான் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு முப்பது வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவன். ஒஹாயோவில் எங்கே துப்பாக்கிச் சந்தை நடந்தாலும் அவன் வண்டியில்தான் போவோம்.

என்னிடம் இருப்பது வரிசை எண் 6217. தந்தப் பிடி, சுடுவதற்குக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கிற குதிரைக்குக் கீழே ஓர் ஓநாய்த் தலை. அதைச் செதுக்கியவர் அடுத்த எண்ணையும் செதுக்கி ஜோடியாகத்தான் கொடுத்திருக்கிறார். பிறகு எங்கோ பிரிந்துவிட்டன. 6218-ஐ நான் பத்தொன்பது வருடம் தேடினேன். "கிடைச்சா உனக்குத்தான்டா ஓரின்" என்று டெல்மர் கை கொடுத்திருந்தான். எங்கள் ஆட்களிடம் கை கொடுத்தால் பத்திரம் எழுதின மாதிரி.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவன் கூப்பிட்டான். லோர்னா சோள ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு தேவாலய விருந்துக்குப் போயிருந்தாள். தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் ஒரு மரப்பெட்டி.

"கண்ணை மூடு."

"எனக்கு அறுபத்தாறு வயசு, டெல்மர்."

"அதனாலதான் சொல்றேன். திடீர்னு பார்த்து மாரடைப்பு வந்துடப் போகுது. மூடுடா கிழவா."

மூடினேன். திறந்தபோது 6218 இருந்தது. எண்ணைப் பார்க்கத் தேவை இல்லை. என் ஓநாய் வலது பக்கம் பார்க்கும், இது இடது பக்கம் பார்த்தது.

"உன்கிட்ட சொல்லாம வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன் பாரு, அதுக்கே எனக்கு ஒரு பதக்கம் குடுக்கணும்" என்று சிரித்தான்.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஓர் ஏலச் சீட்டு ஒட்டியிருந்தது. லூயிவில் நகரம், பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி. அதே வாரம் டெல்மர் லூயிவில் போனது எனக்கு நினைவிருக்கிறது. அத்தை செத்துவிட்டாள் என்றான். என்னைக் கூட வரச் சொல்லவில்லை.

பதினொரு வருடம். ஞாயிறுதோறும் நான் அதே மேசையில் சாப்பிட்டேன். எந்த ஊருக்குப் போனேன், யாருக்கெல்லாம் கடிதம் போட்டேன் என்று ஒன்று விடாமல் அவனிடம் சொன்னேன். அவன் காப்பியை ஊற்றிக்கொண்டே "கிடைக்கும்டா, பொறு" என்பான். அடுத்த அறையில் அதை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

சீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வான்.

துப்பாக்கியைத் திருப்பி, பிடி என் பக்கம் வரும்படி நீட்டினான். எங்களிடையே அதுதான் மரியாதை. குழல் கொடுப்பவரைப் பார்த்திருக்கும். அவனுக்குக் கண்புரை, அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். உருளையின் வாயில் சாம்பல் நிற ஈயம் தெரிந்தது. பின்பக்கம் கேப்புகள் பச்சை பூத்து இருந்தன. யாரோ அந்தக் காலத்தில் நிரப்பி அப்படியே விட்டுவிட்டார்கள். எடுக்கப் போனால் கீறல் விழும் என்று பிறகு வந்தவர்கள் தொட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தவர் துப்பாக்கியின் குதிரையை இழுக்கும்முன் அனுமதி கேட்க வேண்டும். கேட்டேன்.

"உன்னோட துப்பாக்கிக்கு என்னை எதுக்குடா கேக்குற?" என்றான்.

பதினொரு வருடம் கழித்து என்னுடையதாம்.

குதிரையை மெல்ல இறக்கும்போது கட்டைவிரல் வழுக்கிவிட்டது என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அவ்வளவு பழைய மருந்து பற்றாது என்று நினைத்ததாகவும் சொன்னேன். ஈரம் படாத மருந்து எத்தனை வருடமானாலும் சாகாது என்று மாவட்டக் கண்காட்சியில் வருடா வருடம் நான்தான் பேசுகிறேன்; அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அதனால் இரண்டையும் திரும்பப் பெறுகிறேன். விரல் வழுக்கவில்லை.

டெல்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். சரியும்போது குழலையும் பிடித்தான், அதனால் அதிலெல்லாம் ரத்தம். "போன் பண்ணுடா" என்றான். இரண்டு தடவை சொன்னான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கரிமருந்து எரிந்த கசடு ஈரத்தை இழுக்கும். சீக்கிரமே இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். ரத்தத்தில் உப்பு இருக்கிறது, அது இன்னும் மோசம். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். அதற்குத்தான் கெட்டில். செதுக்கல் நுணுக்கமாக இருந்ததால் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு கோடாக எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு வெடிச் சத்தம் கேட்டது இரண்டு நாற்பதுக்கு, நான் போன் செய்தது மூன்று இருபத்தைந்துக்கு. கணக்குச் சரிதான்.

கைரேகையை அழித்தேன் என்கிறீர்கள். எனக்கு அது வருத்தம். கைரேகை என் நினைப்பிலேயே இல்லை.

மூன்றாவது முறை டெல்மர் போனைக் கேட்கவில்லை. தரையில் சாய்ந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஓநாய்க் காதுக்குப் பின்னாடி... இன்னும் இருக்குடா" என்றான். உண்மைதான், இருந்தது. அதையும் எடுத்தேன். நான் செய்வது சரி என்று அவனுக்கும் பட்டிருக்க வேண்டும்.

நேற்று நீங்கள் ஒரு கடிதம் காட்டினீர்கள். டென்னசியில் ஆர்டித் கோய்ல் என்ற விதவை டெல்மருக்கு எழுதியது. லூயிவில் ஏலத்தில் 6218-ஐ எடுத்தது தன் கணவராம். நான்கு வருடமாக டெல்மர் விடாமல் எழுதி, நண்பனுக்காகத்தான் கேட்கிறேன் என்று சொன்னதால் அவனுக்கு விட்டுத்தருகிறாளாம். உறையின் முத்திரையில் போன மாதத்துத் தேதி.

இரண்டு முறை படித்தேன். காகிதம், மை, முத்திரை எல்லாம் பொருந்துகிறது. நல்ல வேலைப்பாடு. ஆனால் போலி. நாற்பது வருடமாகப் போலிகளைப் பிடித்தவன் நான், எனக்குத் தெரியாதா?