கராமா, நாலாவது மாடி

சர்புன்னிசா: மணலு வீட்டுக்குள்ள வருமா வராதா, அத மொதல்ல சொல்லுங்க.

இஸ்மாயில்: வராது சர்பு. பாலைவனம்னா அது ஊருக்கு வெளிய. உள்ள எல்லாம் ரோடு, பில்டிங்கு.

சர்புன்னிசா: அப்ப பாலைவனத்துக்குள்ள ஊரா, ஊருக்குப் பக்கத்துல பாலைவனமா?

நசீர்: என்ன மச்சான், எங்க லாத்தா சிதம்பரத்துல பஸ் ஏறுனப்பவே ஆரம்பிச்சிட்டாங்க போலருக்கு.

இஸ்மாயில்: புதுச்சத்திரம் தாண்டறதுக்குள்ள இருவது கேள்வி. நீயாச்சும் ஒன் அக்காவுக்கு பதில் சொல்லு.

சர்புன்னிசா: ஆமா, நீ சொல்லு நசீரு. நீயுந்தான அஞ்சு வருசம் துபாய்ல இருந்த. மணலு வருமா?

நசீர்: அங்க டிக்கெட் ஆபீசுல ஏசி போட்டு கண்ணாடிக் கதவ மூடிட்டு உக்காந்திருந்தவன் நான். எனக்கு எங்க தெரியும் மணலு... சரி, அத விடு லாத்தா. ஒம் பொண்ணு ஷஹனாஸ் மூணு நாளா எனக்கு மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கா. அத்தாவையும் அம்மாவையும் இந்த டிராவல்ஸ் ஆபீசுக்கு வரச் சொல்லி, துபாய் டூருக்கு எந்த ஏரியால தங்கறாங்கன்னு கேட்டு, ரூம் போட்டுடுங்க மாமான்னு. பன்னெண்டு மணிக்குள்ள போட்டாவணும். ஏரியாவ மட்டும் சொல்லுங்க.

சர்புன்னிசா: கராமா.

இஸ்மாயில்: தேரா.

நசீர்: ரெண்டு பேருக்கு ரெண்டு ரூம்பா?

சர்புன்னிசா: பத்தொம்பது வருசம் போன்ல கராமா கராமான்னு சொல்லிட்டு, இப்ப எதுக்கு தேராங்கறீங்க?

இஸ்மாயில்: தேரால தங்கக் கடை தெரு முழுக்க இருக்கும்.

சர்புன்னிசா: பாக்கறதுன்னா பஸ்ல போயி பாத்துட்டு வந்துடலாம். அங்கயே படுத்துத் தூங்கணுமா?

நசீர்: தேரான்னா போட்டு சவாரி இருக்கு லாத்தா. இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு...

சர்புன்னிசா: போட்ல போவ பிச்சாவரம் இல்லையா?

இஸ்மாயில்: சரி, மெரினான்னு ஒரு ஏரியா. ஜன்னலத் தொறந்தா கடலு.

சர்புன்னிசா: கடலூர்ல உக்கார வச்சு எனக்குக் கடலு காட்டறாரு பாரு. வெளிய டவுன் பஸ் நிக்குது, ஏறுனா சில்வர் பீச்சு... நசீரு, இந்தக் கம்ப்யூட்டர்ல அந்த ஊருத் தெருவே தெரியுமாமே. ஷஹனாஸ் சொன்னா. கராமாவக் காட்டு.

இஸ்மாயில்: நேரமாவுது.

சர்புன்னிசா: பத்தர தான ஆவுது. காட்டுடா.

நசீர்: இரு... இந்தா. இது மெயின் ரோடு. இப்படித் திரும்புனா உள்தெரு.

சர்புன்னிசா: அட, நம்ம ஊரு ஓட்டலு போர்டு மாதிரி இருக்கு. தமிழ்ல எழுதியிருக்கான்... ஏங்க, ஒங்க பில்டிங்கு எது?

இஸ்மாயில்: ...இன்னும் கொஞ்சம் உள்ள போ நசீரு. அந்தப் பேக்கரி தாண்டி. அதான். அப்ப மஞ்ச கலர்ல இருந்துச்சு. இப்ப வெள்ள அடிச்சிட்டானுங்க.

சர்புன்னிசா: நாலாவது மாடின்னீங்களே.

இஸ்மாயில்: கீழ கடைய விட்டுட்டு எண்ணு. வலது கைப் பக்கம் பால்கனி தெரியுதா?

சர்புன்னிசா: தெரியுது தெரியுது. துணி காயப்போட்டிருக்காங்க... சமையக்கட்டு எந்தப் பக்கம்?

இஸ்மாயில்: பின்னாடி. சமையக்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல ஒரு தூணு வரும். அத மறைக்கத்தான் அலமாரி வச்சிருந்தேன். நல்ல தூணு. பதினாறு கம்பி உள்ள இருக்கு, எல்லாம் இருவத்தஞ்சு எம்எம்மு...

சர்புன்னிசா: ...குடியிருந்தவருக்கு, தூணுக்குள்ள எத்தன கம்பின்னு எப்புடிங்க தெரியும்?

நசீர்: சூப்பர்வைசர்னா சும்மாவா லாத்தா. எல்லாம் கணக்குத் தெரியணும்.

சர்புன்னிசா: தூங்கற வீட்டுக்குமா?

இஸ்மாயில்: எங்க கம்பெனி கட்டுன பில்டிங்கு அது. அதுலயே எனக்கும் ஒரு போர்ஷன் குடுத்தாங்க.

சர்புன்னிசா: நல்ல கம்பெனி... சரி, முடிவு பண்ணிட்டேன். இந்தத் தெருவுலயே ரூம் போடு. காலைல எந்திரிச்சதும் நேரா மேல ஏறிப் போறோம், கதவத் தட்டறோம்.

இஸ்மாயில்: எந்தக் கதவ?

சர்புன்னிசா: நாலாவது மாடிக் கதவத்தான். இவரு இங்க பத்தொம்பது வருசம் இருந்தாருங்க, நான் இவரு பொண்டாட்டி, வீட்ட ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்னு சொன்னா, வேணாம்னா சொல்லுவாங்க?

இஸ்மாயில்: அங்கல்லாம் அப்புடி யாரு வீட்டுக் கதவயும் தட்ட முடியாது.

சர்புன்னிசா: மனுசங்கதான குடியிருக்காங்க. ஒரு டப்பா அல்வா எடுத்துக்கிட்டுப் போவோம்... இருங்க, ஷஹனாஸ் கூப்புடறா. இந்த ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. வெளிய நின்னு பேசிட்டு வரேன். நீ கராமாவ எடுத்து வையி.

நசீர்: சரி லாத்தா... பாத்து, படி இருக்கு.

இஸ்மாயில்: ...போயிட்டாளா?

நசீர்: ரோட்டுல நிக்கறாங்க.

இஸ்மாயில்: கதவத் தட்டப் போறாளாம் நசீரு.

நசீர்: கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.

இஸ்மாயில்: தொறக்கறவன் என்னப் பாத்து யாருன்னு கேப்பான். என்னத்தச் சொல்றது? கம்பி கட்டுனவன்னா? அந்த வீட்டுல ஒரு நாளு தலை சாச்சதில்ல. தரைக்கு டைல்ஸ் போடறதுக்கு முன்னாடியே எங்கள வேற சைட்டுக்கு ஏத்திட்டானுங்க.

நசீர்: மெதுவாப் பேசுங்க மச்சான்.

இஸ்மாயில்: கட்டுனதுலயே எனக்குப் புடிச்ச பில்டிங்கு அது. வீடு எப்புடிங்க இருக்குன்னு போன்ல கேட்டா. வாயில அதுதான் வந்துச்சு. மொத வருசம் ஒரு ரூம்புன்னேன். அடுத்த வருசம் பால்கனி வந்துச்சு. அப்பறம் திருப்பி எடுக்க முடியல.

நசீர்: ஃபிரிட்ஜு கூட வாங்குனீங்க.

இஸ்மாயில்: அவதான் கேட்டா, வாங்குன மீனு கெட்டுப் போவாதான்னு... நான் சொல்லிடட்டுமா?

நசீர்: வேணாம். நீங்க ஊருக்கு வந்தே ஆறு வருசம் ஆச்சு. இப்ப போயி அத எதுக்குக் கெளறணும்? கராமால ரூம்பே காலி இல்லன்னு நான் சொல்லிடறேன்.

இஸ்மாயில்: இன்னொரு பொய்யா?

நசீர்: பழசுக்குத் தொணையா இருக்கட்டும்.

இஸ்மாயில்: நீ எதுக்குடா இவ்ளோ பயப்படற? ஒன்னப் பத்திப் பேச்சு வராது.

நசீர்: எப்புடி வராது? ஒண்ணச் சொன்னா இருவது கேக்கறவங்க மச்சான் அவுங்க... வராங்க, வராங்க.

சர்புன்னிசா: என்ன, ரெண்டு மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்குது?

நசீர்: ஒண்ணுமில்ல லாத்தா... கராமால ரூம்பு இப்பதான் தீந்து போச்சு. பாத்துக்கிட்டு இருக்கறப்பவே...

சர்புன்னிசா: தீந்தா தீரட்டும். கராமா வேணாம்.

இஸ்மாயில்: ...வேணாமா?

சர்புன்னிசா: வேணாம்.

நசீர்: அல்ஹம்துலில்லாஹ்... அப்ப தேரா போட்டுடவா?

சர்புன்னிசா: இரு. ஏங்க, ஒங்க கட்டிலு எந்த ஏரியால இருந்துச்சு?

இஸ்மாயில்: கட்டிலா?

சர்புன்னிசா: ரெண்டு அடுக்குக் கட்டிலு. நீங்க கீழ.

நசீர்: லாத்தா...

சர்புன்னிசா: நீ சும்மா இரு. அவரு சொல்லட்டும்.

இஸ்மாயில்: யாரு சொன்னா ஒனக்கு?

சர்புன்னிசா: யாரும் சொல்லல. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ லீவுல வருவீங்க. வந்த பத்து நாளைக்கு, காலைல எந்திரிக்கறப்ப தலையக் குனிஞ்சிக்கிட்டு, ஒடம்ப வளைச்சி, பக்கவாட்டுல நழுவித்தான் கட்டில்லேர்ந்து எறங்குவீங்க. நம்ம வீட்டுல மேல ஃபேனு மட்டுந்தான் இருக்கு. எது இடிக்கும்னு குனியறாருன்னு மொத லீவுல புரியல. ரெண்டாவது லீவுல புரிஞ்சிடுச்சு. தனியா இருக்கறவரு தலைக்கு மேல எதுக்குக் கட்டிலு?

இஸ்மாயில்: ...நான் குனிவேனா?

சர்புன்னிசா: பதினோராவது நாளு நிமுந்துடுவீங்க. அன்னக்கித்தான் எனக்கு நிம்மதியா இருக்கும்.

இஸ்மாயில்: அப்பவே கேட்டிருக்கலாம்ல?

சர்புன்னிசா: ஆசையா ஒரு பால்கனி கட்டிக் குடுத்திருந்தீங்க. அத எப்புடிங்க வேணாம்னு சொல்றது? இன்னக்காச்சும் நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். கதவத் தட்டறேன்னு கூடச் சொல்லிப் பாத்துட்டேன்.

இஸ்மாயில்: வெக்கமா இருந்துச்சு சர்பு. லேபர் கேம்ப்புன்னு சொல்லியிருந்தா, கெளம்பி வந்துடுங்கன்னு சொல்லியிருப்ப.

சர்புன்னிசா: சொல்லியிருப்பேன். நீங்களும் வந்திருப்பீங்க. ஷஹனாஸ் படிச்சிருக்க மாட்டா. அத நெனச்சித்தான் நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கும் அந்த வெக்கம் இருக்கு.

இஸ்மாயில்: ...சோனாப்பூரு. அந்த ஏரியா பேரு.

சர்புன்னிசா: நசீரு, அங்க லாட்ஜு இருக்கா?

நசீர்: அங்க கேம்ப்பு மட்டுந்தான் லாத்தா. பக்கத்துல குசைஸ்னு ஒரு ஏரியா. அங்க நல்ல ரூம்பா கெடைக்கும். பஸ்ல ஏறுனா பத்து நிமிசம், கேம்ப்பு கேட்டு முன்னாடியே எறங்கிக்கலாம்.

சர்புன்னிசா: அத போடு.

இஸ்மாயில்: அங்க பாக்க ஒண்ணுமில்ல. உள்ள விடவும் மாட்டாங்க.

சர்புன்னிசா: காம்பவுண்டு சுவரு இருக்கும்ல?

இஸ்மாயில்: இருக்கும்.

சர்புன்னிசா: அது போதும். எந்த எடத்துல நின்னு எனக்கு போன் பேசுனீங்களோ, அந்த எடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு வரணும். அப்பறம் ஒங்க தேரா, மெரினா எல்லாம் பாக்கலாம்... ஒரு ரூம்புல எத்தன பேரு?

இஸ்மாயில்: பன்னெண்டு.

சர்புன்னிசா: எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்களா?

இஸ்மாயில்: குறிஞ்சிப்பாடி ஆளு ரெண்டு பேரு. வடலூர் தேவநாதன் ஒருத்தரு. மத்தவங்க வடக்கத்திக்காரங்க.

சர்புன்னிசா: ஒங்களுக்கு மேல் கட்டில்ல?

இஸ்மாயில்: ...மாறி மாறி வருவாங்க, போவாங்க.

சர்புன்னிசா: ஒரு வருசம் ஒங்களுக்கு மஞ்சக் காமால வந்துச்சே. கம்பெனில ஒரு பையன் கஞ்சி வச்சிக் குடுத்தான், மூணு வாரம் கூடவே இருந்தான்னு சொன்னீங்க. அது மேல் கட்டிலு ஆளுதான?

இஸ்மாயில்: ...ஆமா.

சர்புன்னிசா: அவரு எந்த ஊரு? நான் செய்ய வேண்டியத அவரு செஞ்சிருக்காரு. எங்க இருந்தாலும் போயி பாத்து ஒரு வார்த்த சொல்லணும். பேரு என்ன?

இஸ்மாயில்: அவன் பேர மட்டும் கேக்காத சர்பு. வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

சர்புன்னிசா: யாருக்கு?

நசீர்: ...எனக்குத்தான் லாத்தா. டிக்கெட் ஆபீசும் இல்ல, ஏசியும் இல்ல. அஞ்சு வருசமும் மச்சானுக்கு மேல் கட்டில்ல நாந்தான் படுத்திருந்தேன்.