ஜரீனா டப்பாவைத் திறக்கிறாள்

— கதவைச் சாத்திட்டு வந்து உக்காரும் வடிவேலு.

— எதுக்கு மொதலாளி கதவு? சாத்துனா உள்ள வெந்து போயிடுவோம். நாளைக்குப் பத்திரிகை வேற வெளியாவணும். என் தொடர்கதை அத்தியாயத்துல ஏதாச்சும் பிழை தங்கிடுச்சா?

— பிழை ஒண்ணும் இல்ல. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. இந்தாரும் புரூப். இந்த எடத்துலேர்ந்து நீரே வாசியும்.

— "ரவூப் துறைமுகத்துக்குப் போயிருந்தான். வியாழக்கிழமை அந்தி சாய்ந்ததும், வீட்டில் புகை போட வேறு ஆள் இல்லாததால், ஜரீனா சாம்பிராணி டப்பாவைத் திறந்தாள். உள்ளே புத்தம் புதிய கருகமணி ஒன்று இருந்தது. நிக்காஹ் அன்று கட்டிய கருகமணி அவள் கழுத்திலேயே கிடந்தது."

— போதும், நிறுத்தும். கருகமணிய எதுக்குச் சாம்பிராணி டப்பால வெச்சீர்?

— நானா வெச்சேன்? ரவூப் வெச்சான்.

— அந்த ரவூபுக்கு இந்தப் புத்தி எங்கேர்ந்து வந்திச்சுன்னுதான் கேக்குறேன். பொட்டி இல்லையா, பூட்டு இல்லையா?

— பாருங்க, பொட்டிச் சாவியெல்லாம் பொண்டாட்டி இடுப்புல. ஜரீனாவுக்குச் சாம்பிராணிப் புகை பட்டா இழுப்பு வந்துடும். அந்த டப்பாப் பக்கமே அவ போக மாட்டா. வியாழன் அந்தியில, வெள்ளி ராவுக்குன்னு புகை போடுறது எப்பவும் ரவூப்தான். ஒளிக்கிறதுக்கு அதைவிடத் தோதான எடம் அந்த வீட்டுல இல்ல. அன்னைக்கு அவன் வெளிய போனா புகைய யாரு போடுவாங்கிறத மட்டும் மறந்துட்டான்.

— மறந்துட்டான். ம். தட்டான் சொன்னானா உம்மகிட்ட?

— எந்தத் தட்டான் மொதலாளி?

— மழுப்ப வேணாம்.

— மழுப்பல. கதையில தட்டானே வரலையே.

— வரல. வரலதான். சும்மா கேட்டேன். சரி, நான் சொல்றதக் கேளும். அவ டப்பாவத் திறக்க வேணாம். ரவூப் கப்பலேறி ஊருக்குப் போறான், உம்மாவப் பாக்குறான், திரும்பி வர்றான். ரெண்டு பேரும் சுகமா இருக்காங்க. அத்தோட முடிச்சிடும்.

— அப்படி முடிச்சா யாரு படிப்பா? ஆரம்பத்துல அவங்க சுகமாத்தான் இருந்தாங்க. பத்திரிகை கட்டுக் கட்டா இங்கயே கெடந்துச்சு, நீங்க அதை பசார்ல மீன் மடிக்கக் குடுத்தீங்க. உம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு, ரவூப் புதுப் பட்டுச் சட்டை தைக்கக் குடுத்தான் பாருங்க, அந்த வாரத்துலேர்ந்துதான் தேக்கா கோப்பிக்கடையில ஒருத்தன் வாசிக்க, ரிக்ஷாவ ஓரங்கட்டிட்டு நம்ம ஆளுங்க சுத்தி நின்னு கேக்குறாங்க.

— அந்தச் சட்டை விசயம் வந்தப்பவே எனக்கு உறுத்திச்சு. ஊருக்குப் போறவன் சட்டை தைக்கக் கூடாதா?

— தைக்கலாம். சீக்காளி அம்மாவப் பாக்கப் பட்டு எதுக்குன்னு பொண்டாட்டிக்குத் தோணத்தான் செய்யும்.

— இக்கட்டு வேணும், அவ்வளவுதானே உமக்கு? பொயலு வரட்டும். சாங்கிப் பக்கம் தோணி கவுறட்டும். கடல் கொள்ளைக்காரன் வந்து ரவூபத் தூக்கிட்டுப் போவட்டும். அச்சடிக்கிறேன்.

— பொயலு யாருக்கும் வரும் மொதலாளி. நல்லவன் தோணியும் கவுறும், கெட்டவன் தோணியும் கவுறும். அதுல ரவூபப் பத்தி நமக்கு என்ன தெரிஞ்சிடும்? இத்தன வாரமா அவன் தொழுகப் பள்ளிக்குப் போறான், ஏழை எளியவனுக்குக் குடுக்குறான், பொண்டாட்டிக்கு மல்லியப்பூ வாங்கிட்டு வர்றான். நல்ல மனுசன்னு நாமளும் நம்பிக்கிட்டு வர்றோம். அவன் கையால மூடுன டப்பா திறந்துடுச்சுன்னு தெரியும்போது என்ன பேசுறான், எங்க பாக்குறான்? அதுக்குத்தான் இவ்வளவு நாளா எழுதுனதே. அந்த எடத்த எடுத்துட்டா மிச்சம் எல்லாம் வெட்டிப்பேச்சு.

— பெரிய வித்துவான்தான். உம்ம பொண்டாட்டி ரத்தினம்மா எங்க ஊட்டுக்கு எருமப்பால் ஊத்த வர்றால்ல?

— உங்க வீட்டுக்கும் வர்றா, சிராங்கூன் ரோட்டுல பாதி வீட்டுக்கும் போறா.

— அடுப்படிக்குள்ள வந்து துழாவினாளா?

— உங்க வாசப்படிய அவ தாண்டினதே கெடையாது. செம்ப நீட்டுவாங்க, ஊத்திட்டு வந்துடுவா. என்னைய எவ்வளவு வேணும்னாலும் சந்தேகப்படுங்க. அவளப் பத்திப் பேச வேணாம்.

— அப்ப நீர் வந்தீர். போன வியாழன் நான் கப்பலடியில காகிதக் கட்டு எறக்கப் போயிருந்தப்போ வந்து பாத்திருக்கீர். எவன் அனுப்புனான் உம்ம? என்னைய ஊரு முன்னால தலைகுனிய வெக்கணும்னு எவன் ஏவிவிட்டான்?

— அன்னைக்கு நான் இந்த அறையிலதான் அச்செழுத்துக் கோத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணு கேக்கலாமா? நான் குடுத்தது கதை. நீங்க எதுக்கு அடுப்படி, வியாழன், தட்டான்னு சாட்சி சொல்லிக்கிட்டிருக்கீங்க?

— என் அச்சுக்கூடம். நான் கேப்பேன்.

— சரி, கேளுங்க. நான் போய் மெஷின ஓட்டுறேன்.

— வேணாம். வடிவேலு, உக்காரும். கதவு சாத்தியிருக்கா பாரும்.

— சாத்தித்தான் இருக்கு.

— நாகூர்ல எனக்குப் பொண்ணு பேசி முடிச்சிருக்கு. உம்மா பாத்த எடம். வர்ற கப்பல்ல போறேன். என் வீட்டு டப்பால கெடக்குற கருகமணி இங்க செஞ்சது, நிக்காஹ் அங்க.

— வீட்டுல சம்சுன்னிசாம்மாவுக்குத் தெரியுமா?

— உம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். எங்களுக்குப் புள்ள இல்ல வடிவேலு. வருசம் போவுது. இங்க கடை வெச்சிருக்கவன்ல பாதிப் பேருக்கு அங்க ஒரு குடும்பம் இல்லையா? மார்க்கம் தடுக்கலையே.

— தடுக்கல. அப்புறம் ஏன் ஒளிச்சீங்க?

— அவ மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. போதுமா? அங்க போனப்புறம் யாரு மூலமாவது சொல்லிக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு இது வெளியானா ஊரே பேரப் பொருத்திப் பாக்கும். அவ யாரு வாயிலேர்ந்தோ கேப்பா. எனக்கு அதான் பயமா இருக்கு. உமக்கு என்ன வேணும்னு சொல்லும், செய்றேன். யாரு சொன்னாங்கன்னு மட்டும் சொல்லிடும்.

— இது வெளியாவாது மொதலாளி.

— என்னது?

— இந்த அத்தியாயத்த ஒரே ஒரு தாள்தான் அடிச்சேன். உங்க கையில இருக்கே, அதான். நீங்க வாசிச்சு முடிச்சதும் எழுத்தக் கலைச்சிடணும்னு உத்தரவு. ஊருக்கு வேற அத்தியாயம் கோத்து வெச்சாச்சு. அதுல ரவூபுக்குக் காய்ச்சல், போத்திப் படுத்திருக்கான்.

— உத்தரவா? யாரு உத்தரவு?

— கதை எழுதுறவங்க உத்தரவு.

— எழுதுறது நீர்தானே?

— பேரு என்னுது. வாக்கியத்தச் சரிபண்றது நான். கதை, மொத வாரத்துலேர்ந்து, செம்ப நீட்டிக்கிட்டே அவங்க ரத்தினத்துக்கிட்ட சொல்றது. அவ வந்து எனக்குச் சொல்லுவா.

— சம்சுவா?

— ஆமா மொதலாளி.

— ஒரு வார்த்த கேக்கலையே அவ. எப்பவும் போலச் சோறு போடுறா. அந்த வியாழன் ராவு இழுப்புல கெடந்தா. மழைக்காத்து ஒத்துக்கலன்னு சொன்னா. நெஞ்சுல தைலம் தடவிவிட்டுட்டு நானும் நம்பிப் படுத்துட்டேன். ஏன் என்கிட்ட கேக்கல? பக்கத்துலதானே இருந்தேன்?

— ரத்தினமும் அதத்தான் கேட்டாளாம். வீட்டுல பேசினா அவரு காது குடுக்க மாட்டாரு, புரூப்புல வந்தா ஒரு எழுத்து விடாம பாப்பாருன்னாங்களாம்.

— வடிவேலு, டப்பாவத் திறந்துட்டாளே. அடுத்த அத்தியாயத்துல என்ன ஆவுது? அதச் சொல்லி அனுப்பினாளா?

— ரத்தினத்த அவங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னேன். எனக்கே தெரியாது, இன்னைக்கு அந்திக்கு ரவூப் வீட்டுக்கு வரட்டும், மொதல்ல என்ன பேசுறான்னு கேட்டுட்டு நாளைக்குப் பால் வாங்கும்போது சொல்றேன்னாங்களாம்.