மயிரிழைக் கீறல்

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். முதலிலிருந்தே சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

என் வேலை தங்க நாணயங்களுக்குத் தரம் சொல்வது. குறிப்பாக ப்ரூஃப் நாணயங்களுக்கு. அவை செலவுக்காக அடிக்கப்படுபவை அல்ல. சேகரிப்பவர்களுக்காகவே மெருகேற்றிய அச்சில் இரண்டு முறை அழுத்தி எடுப்பவை. தரை கண்ணாடிபோல் இருக்கும். எழும்பி நிற்கும் உருவம் மட்டும் பனி படிந்ததுபோல் மங்கியிருக்கும். எழுபதுக்கு மதிப்பெண் போடுவோம். எழுபது என்றால் குறையே இல்லை. அறுபத்தொன்பதுக்கும் அறுபத்தொன்றுக்கும் எடையில் வித்தியாசம் கிடையாது. விலையில் மூன்று மடங்கு வித்தியாசம் வரும். அதைச் சொல்லத்தான் என்னைப் போல ஒருவன் வேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டேன். துடைக்காதீர்கள். பட்டுத் துணியாக இருந்தாலும் துடைக்காதீர்கள். கரடியாகக் கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வங்கி மேலாளர், படித்தவர், அப்பா வைத்துவிட்டுப் போன நாணயத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்து எடுத்துவந்தார்.

"பளபளன்னு இருக்குல்ல?" என்றார்.

லென்ஸில் பார்த்தால் தரை முழுக்க மயிரிழைக் கீறல்கள். இனி உருக்கும் விலைதான் கிடைக்கும் என்றேன். "தங்கம் தங்கந்தானே சார்" என்று சொல்லிவிட்டு, திருடனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். கெடுத்தவர் அவர், கெட்டுவிட்டது என்று சொல்கிற நான் கெட்டவன்.

கடை என் சகலையுடையது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வாயுள்ள பிள்ளை. "எங்க சகலைகிட்ட நாணயம் இருக்கு, என்கிட்ட கடை இருக்கு" என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லிச் சிரிப்பான். முதல் வருடம் நானும் சிரித்தேன். வாங்கும்போது நான் தரம் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி விலையைக் குறைப்பான். விற்கும்போது அதே சீட்டைக் கிழித்துவிட்டு, இரண்டு மதிப்பெண் கூட்டித் தானே வேறொன்று எழுதுவான். கேட்டால், "நீங்க ஜட்ஜு சகலை, நான் வக்கீலு" என்பான். வாங்குகிறவர்களும் அவன் சீட்டைத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். என் சீட்டை யாரும் முழுதாகப் படித்ததுகூட இல்லை.

போன வியாழக்கிழமை ஒரு தையற்கார அம்மா வந்தார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. இருபத்தைந்தாவது திருமண நாளன்று கணவர் வாங்கிக் கொடுத்த நாணயம். கணவர் இப்போது இல்லை. மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்க வேண்டும், அதற்காக விற்கிறேன் என்றார். நாணயத்தை வைத்து மூடிய பிளாஸ்டிக் காப்ஸ்யூல், பெட்டி, சான்றிதழ், எல்லாம் அப்படியே இருந்தன. பதினோரு வருடம் யாரும் திறக்கவில்லை. ஐயா, அப்படி ஒரு நாணயத்தை நான் என் வாழ்நாளில் நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். அதில் பொறித்த முகத்தின் தாடைக்குக் கீழே ஊசிமுனையளவு புள்ளி ஒன்று. வேறு எதுவும் இல்லை. அறுபத்தொன்பது என்றேன்.

"அது நல்லதுங்களா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லதும்மா. காப்பாத்தி வச்சிருக்கீங்க."

மறுநாள் விலை பேசலாம் என்று ரசீது வாங்கிக்கொண்டு, நாணயத்தை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை நான் கடைக்குள் நுழைந்தபோது சகலை காப்ஸ்யூலைத் திறந்து, நாணயத்தைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். சாவகாசமாக, மூக்குக்கண்ணாடி துடைப்பவனைப்போல.

"என்ன பண்றே?"

"விலையக் கொஞ்சம் எறக்குறேன். அறுபத்தொம்பதுக்கு வாங்கினா நமக்கு என்ன நிக்கும்? இப்பப் பாருங்க சகலை."

விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். அறுபத்தொன்று.

அந்த அம்மா வந்ததும் நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று கேட்டீர்கள். அறுபத்தொன்று என்றுதான். நாணயம் அறுபத்தொன்றாக இருக்கும்போது வேறு எப்படி எழுதுவது? பொய்த் தரம் எழுதிய பழக்கம் எனக்கு இல்லை.

"நேத்து நல்லா இருக்குன்னு சொன்னீங்களே சார்?"

"நேத்து நல்லா இருந்துச்சும்மா."

அவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்ப்பதுபோல்தான். பிறகு சகலை சொன்ன விலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு கீறலை அழிக்க வழியே கிடையாது, ஐயா. தேய்த்தால் இன்னும் நான்கு விழும். உலகத்தில் அறுபத்தொன்பதாக இருந்த ஒன்று இனி எப்போதும் அறுபத்தொன்றுதான். இது ஒருவருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

சனிக்கிழமை பகல் ஒரு மணி, கடையை மூடும் நேரம். பணியாள் போய்விட்டான். சகலை பெட்டக அறைக்குள் இருந்தான். எஃகு அறை. ஈரம் புகாமல் இருக்கக் கதவின் விளிம்பெல்லாம் ரப்பர், காற்றும் புகாது. உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு வருடமாகிறது. "பாத்துக்கலாம் சகலை" என்று தள்ளிப்போட்டவன் அவன்தான். கதவைச் சாத்தினேன். சக்கரத்தைச் சுற்றினேன். ஞாயிறும் திங்களும் விடுமுறை என்பதால், பூட்டின் கடிகாரத்தைச் செவ்வாய் காலை ஒன்பதுக்கு வைத்தேன். அதற்கு முன் யார் நினைத்தாலும் திறக்காது. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கனமான கதவு, தொலைவில் யாரோ கம்பளம் உதறுவதுபோல்தான் இருந்தது. ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் கொழுந்தியாள் போன் செய்தாள். "அத்தான், அவர் இன்னும் வரலியே? போனும் எடுக்கல."

"சரக்குப் பாக்க வெளியூர் போயிருக்கான்மா. அங்க சிக்னல் இருக்காது."

"சொல்லாம போறதே இந்த மனுசனுக்குப் பொழப்பாப் போச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான் நானும் மனைவியும் சாப்பிட்டோம். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தவனும் நான்தான், உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தவனும் நான்தான். முதலில் ஈரமானியைப் பார்த்தேன். நாற்பதில் நிற்க வேண்டியது எண்பத்தைந்தில் நின்றது. இரண்டு பேர் மூச்சு விட்டால் அப்படித்தான் ஏறும்.

ஆமாம், இரண்டு பேர். நீங்கள் திரும்பத் திரும்ப அதையே கேட்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை கடை மூடுவதற்குச் சற்று முன்னால் அந்தத் தையற்கார அம்மா திரும்பி வந்தார். அக்கா தன் மெஷினைக் கொடுத்துவிட்டாளாம். வாங்கிய பணத்தை அப்படியே ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். நாணயத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். சகலை மறுப்பான் என்று நினைத்தேன். அவன் சாவிக்கொத்தை எடுத்தான். பிறகு, "உள்ள வாங்கம்மா, எடுத்துத் தர்றேன்," என்று பெட்டக அறைக்குள் அழைத்துப்போனான்.

நான் கதவருகில் நின்றேன். அவன் சொன்னது கேட்டது. "இதுல கொஞ்சம் கீறல் விழுந்திருக்கும்மா. தப்பு என்னோடதுதான். மன்னிச்சிருங்க."

அவர் நாணயத்தை வெறுங்கையில் வாங்கி விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கங்க கீறல்? எனக்கு ஒண்ணும் தெரியலியே. அவரு குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு." கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். அந்தக் கண்ணாடித் தரையில், ஐயா, எண்ணெய் வைத்த விரலால். பிறகு, "அந்த சார் என்னமோ நம்பர் சொன்னாரே, அறுபத்தொண்ணோ என்னமோ. எனக்கு அதெல்லாம் எதுக்குங்க?" என்றார்.

சகலை சிரித்தான். அவரும் சிரித்தார். என்னைக் கேலி செய்து அல்ல. சும்மா, நிம்மதியாகச் சிரித்தார்கள். நான் அங்கே நிற்பது இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை.

அந்த அம்மாவுக்கு நடந்த அநியாயத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஐயா. அதற்காகத்தான் கதவைச் சாத்தினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.