சனிக்கிழமை வேன்

— கொழந்தைக்கு நீ எதுக்குடா தலை வாரிக்கினு கீற? அதோட அம்மா எங்க?

— சங்கராபுரம் போயிக்கீறா, அண்ணா. வா, உக்காரு.

— உக்கார வரல. போன சனிக்கிழமையும் சங்கராபுரம், அதுக்கு முந்தின சனிக்கிழமையும் சங்கராபுரம். அங்க இன்னாடா கீது, ராஜதுரை?

— வேலையா போறாண்ணா.

— பி.எட். படிச்சிட்டு வூட்ல கெடந்தவளுக்கு சனிக்கிழமை மட்டும் வாத்தியார் வேலையா? தா பாரு, நான் உன் கூடப் பொறந்தவன். மழுப்பாம சொல்லு. வேன்ல வர்றவனுங்க யாரு?

— எந்த வேனு?

— புளி விக்க மலைய வுட்டு கீழ எறங்கிப் போன பக்கத்து வூட்டு அம்மாசி கண்ணால பாத்துட்டு வந்து சொல்றான். பஸ் ஸ்டாண்டாண்ட வேன் நிக்குதாம். உள்ள பூரா ஆம்பளைங்களாம். உன் பொண்டாட்டி நர்மதா சிரிச்சிக்கினே ஏறுதாம்.

— சிரிச்சா தப்பா?

— சிரிப்பு கெடக்கட்டும். திரும்பி வரும்போது தொண்ட கட்டிக்கினு வருதே, அது ஏன்? ஞாயித்துக்கெழம பூரா வெந்நி குடிச்சிக்கினு கெடக்குதே, என் கண்ணுக்குத் தெரியாதா?

— பாப்பா, தலைய ஆட்டாத, சட கோணிக்கும்... அண்ணா, அது கபடி டீம் வேனு. இவ மைக்குல பேசப் போறா. ஆட்டம் நடக்க நடக்க, யாரு பாடிப் போறான், யாரு புடிச்சான்னு சொல்றது.

— பொம்பளையா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?

— தோ, செல்லுல கேளு.

— ‘மூங்கில்துறைப்பட்டு தம்பி ஏறிப் போறாரு... எடது கார்னர் பதுங்குறாரு பாருங்க... கால நீட்டாத ராசா, நீட்டாத... நீட்டிட்டாரு. கணுக்கால கவ்விட்டாங்கய்யா, கவ்விட்டாங்க.’

— யார்ரா இது?

— உன் தம்பி பொண்டாட்டிதான்.

— கூட்டம் இந்தக் கத்து கத்துது.

— பொங்கலுக்கு என் மாமியார் ஊர் ஆட்டத்துல மைக்குக்காரன் வரல. நான்தான் இவளப் புடிச்சித் தள்ளிவுட்டேன். இப்ப திருநாவலூரு, உளுந்தூர்பேட்டன்னு எங்க ஆட்டம்னாலும் வேன் அனுப்பறாங்க. நேத்து சென்னையில இருந்து டிவிக்காரங்க போன் பண்ணாங்க. மாநிலப் போட்டிக்கு இவளே வந்து பேசணுமாம்.

— நீ இங்க சாமைக்கு களை எடுத்துக்கினு, சோறு பொங்கிக்கினு கெட. அவ சென்னைக்குப் போவட்டும்.

— போவட்டுமே. சோறு பொங்க என்னால முடியும். அவள மாதிரி பேச என்னால முடியாது.

— நல்ல காரியம்னா எதுக்குடா என்கிட்ட மறைச்சீங்க?

— தெரிஞ்சா நீ ஊரக் கூட்டுவன்னுதான்.

— கூட்டிட்டேன். சாயந்திரம் கோயிலாண்ட பெரியவங்கள வரச் சொல்லிட்டேன். அவ மைக்க அங்கயே வெச்சிடணும், இல்ல வூட்ட வுட்டு எறங்கணும்.

— அவ எறங்கினா நானும் பாப்பாவும் கூட எறங்கிடுவோம், அண்ணா. கோவத்துல சொல்லல.

— மயக்கி வெச்சிக்கீறா உன்ன. எனக்கு இன்னும் ஒண்ணு இடிக்குது. நர்மதா ஒரு நாளும் கபடிக் கோட்டுக்குள்ள கால் வெச்சவ இல்ல. கார்னரு, கணுக்கால் புடின்னு இவளுக்கு எப்டித் தெரியும்? எவனோ பக்கத்துல உக்காந்து காதுல ஓதிக்கினு கீறான்.

— ஆமாண்ணா. பக்கத்துலயே உக்காந்து சொல்லித்தர ஒரு ஆளு கீது. அந்த ஆளு இல்லாட்டி இவளுக்கு இந்தப் பேரே இல்ல.

— வந்துச்சா வாயில? பேரச் சொல்லு. சாயந்திரம் மொதல்ல அந்த ஆளத்தான் நிக்க வெக்கப் போறேன்.

— அண்ணி எங்கண்ணா?

— பொன்னாயியா? சனிக்கிழமையானா அவ அம்மாவப் பாக்க கள்ளக்குறிச்சிக்கு ஓடிடறா. அத எதுக்கு நடுவுல கேக்கற? பேரச் சொல்றா.

— கள்ளக்குறிச்சியில அண்ணியும் அதே வேன்லதான் ஏறுவாங்க. ஹாஸ்டல்ல படிக்கிறப்போ அண்ணிதான் கபடி டீம் கேப்டனாம். உனக்குப் பயந்துதான் இத்தினி வருஷமா வாயே தொறக்கல.